டயாலிசிஸ் குடும்பத்தின் பட்ஜெட்: இது ஆபரேஷன் பில் இல்லை, மாத வாடகை!



நம்ம சேனலில் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன் என்று நிறையப் பேசியிருக்கோம். இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் கனமான விஷயம். வீட்டில் ஒருத்தருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தால், அந்தக் குடும்பம் பணத்தையும் உடம்பையும் எப்படிச் சமாளிக்கிறது? வீடியோவில் எல்லாத்தையும் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் முழுக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். எங்க சித்தப்பா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். இருபது வருஷச் சர்க்கரை. 52 வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. டாக்டர் "உடனே டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்" என்று சொன்ன அதே வாரத்தில், குடும்பமே கூடி, இருந்த ஒரே பிளாட்டை வந்த விலைக்கு விற்றோம். 9 லட்சம். "உயிரை விட நிலமா பெருசு?" என்று எல்லாரும் சொன்னோம். தப்பு இல்லை. ஆனால் அந்த 9 லட்சமும் பதினைந்தே மாதத்தில் தீர்ந்துபோச்சு.

ஒருநாள் ஊசியைக் கழற்றும்போது சித்தப்பா நர்ஸிடம் கேட்டார், "இன்னும் எத்தனை மாசம்மா இப்படி வரணும்?" அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுச் சொன்னது: "ஐயா, இது முடியிற வைத்தியம் இல்ல. சாப்பாடு மாதிரி. வந்துக்கிட்டே இருக்கணும்."

அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் டயாலிசிஸை ஒரு ஆபரேஷன் பில் மாதிரி நினைத்துச் சொத்தை விற்றிருக்கோம். ஆனால் இது மாத வாடகை மாதிரி. பத்து வருஷம், அதற்கு மேலும் டயாலிசிஸோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வாடகை கட்ட யாராவது நிலத்தை விற்பார்களா? மாதாமாதம் எப்படிக் கட்டுவது என்றுதானே யோசிப்போம்?

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு விஷயம்தான். வாடகையை எப்படிக் குறைப்பது, அது திடீரென்று ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, அதைக் கட்டுகிற ஆள் விழாமல் எப்படிக் காப்பாற்றுவது.

1. உண்மையான மாதச் செலவு எவ்வளவு?

ஹீமோடயாலிசிஸ் என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, டயலைசர் என்ற வடிகட்டி வழியாக ஓட்டி, கழிவையும் கூடுதல் தண்ணீரையும் நீக்கி, திரும்ப உடம்புக்குள் அனுப்புவது. வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நம்ம ஊரில் பணத்துக்காக வாரம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு எத்தனை முறை என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும், பர்ஸ் முடிவு செய்யக்கூடாது.

வாரம் மூன்று என்றால் மாதம் சராசரியாக 13 முறை. எங்கள் வீட்டில் அப்போது ஆன செலவு இது. ரவுண்டாகச் சொல்கிறேன். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களும் ஒரு பேப்பரில் எழுதுங்க.

• டயாலிசிஸ் கட்டணம் (13 x ₹1,800): ₹23,400
• ஆட்டோ, போக வர (13 x ₹400): ₹5,200
• ரத்தம் ஊறுவதற்கான ஊசி, மாத்திரைகள்: ₹6,000
• ரத்தப் பரிசோதனை: ₹1,500
• வெளியே டீ, டிபன் (13 x ₹150): ₹1,950
• கூடப் போன சித்தி இழந்த கூலி (13 x ₹500): ₹6,500

மொத்தம் ₹44,550. வீட்டு மளிகை, பால், ஸ்கூல் ஃபீஸ் எதுவும் இதில் இல்லை.

இப்போ கவனிங்க. டயாலிசிஸ் கட்டணம் முழுசா இலவசமாகிவிட்டாலும் மீதி ₹21,150 அப்படியே நிற்கிறது. வருஷத்துக்கு ₹2,53,800! "இலவச டயாலிசிஸ் கிடைச்சிடுச்சு, இனி கவலை இல்லை" என்று நினைக்கிற குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பில்லில் வராத செலவு இது. ஆட்டோக்காரருக்கு ரசீது கிடையாது, போன கூலிக்கும் ரசீது கிடையாது.

2. சொத்தை விற்பதற்கு முன் தட்ட வேண்டிய கதவுகள்

முதல் கதவு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு, வருஷத்துக்கு ₹5 லட்சம் வரை. டயாலிசிஸும் இதில் வருகிறது. அரசு மருத்துவமனையில் மட்டும் இல்லை, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

எங்கள் தப்பு என்ன தெரியுமா? "நாமதான் பட்டறை வச்சிருக்கோமே, நமக்கெல்லாம் தரமாட்டாங்க" என்று கேட்கவே இல்லை. பட்டறை மூடி, சித்தியின் தையல் வேலையும் பாதியாகக் குறைந்த பிறகு எங்கள் வருமானம் அந்த வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. நோய் வந்ததும் வருமானம் மாறும். பழைய வருமானத்தை மனசில் வைத்துக்கொண்டு உட்காராதீங்க, இன்றைய வருமானத்துக்குச் சான்றிதழ் வாங்குங்க.

இரண்டாவது கதவு: அரசு மருத்துவமனை. 2016-ல் மத்திய அரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யணும். இடம் காலியாகக் காத்திருக்க வேண்டி வரலாம். பெயரைப் பதிந்து வைத்துவிட்டு, கிடைக்கும் வரை வேறு இடத்தில் தொடருங்க. சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

மூன்றாவது கதவு: இஎஸ்ஐ. நோயாளியோ, அவரது கணவன் அல்லது மனைவியோ, மகனோ மகளோ இஎஸ்ஐ பிடிக்கிற வேலையில் இருக்கிறார்களா? சார்ந்திருக்கும் கணவன், மனைவி, பெற்றோருக்கும் அதில் மருத்துவம் உண்டு. சம்பள ரசீதை எடுத்துப் பாருங்க.

நான்காவது கதவு: ஏற்கனவே உள்ள பாலிசிகள். மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் தருவார்கள். ஆனால் டயாலிசிஸ் "டே கேர்" சிகிச்சையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது, காலையில் போய் மதியம் வந்தாலும் கிளெய்ம் உண்டு. அடுத்தது, யாரோ ஏஜென்ட் பேச்சைக் கேட்டு எடுத்த கிரிட்டிகல் இல்னஸ் ரைடர் பழைய எல்ஐசி பாண்டில் ஒளிந்திருக்கலாம். தொடர் டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்கும் நோய். அது மொத்தமாகக் கிடைக்கிற தொகை. பீரோவில் இருக்கும் எல்லாப் பத்திரத்தையும் ஒருநாள் உட்கார்ந்து படிங்க.

ஐந்தாவது கதவு: வரியும் பயணமும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80டிடிபி கழிவு உண்டு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. நோயாளிக்கு 60 வயதுக்குக் கீழ் என்றால் ₹40,000 வரை, 60-க்கு மேல் ₹1,00,000 வரை. சிறுநீரக சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும். காப்பீட்டில் வந்த தொகையைக் கழித்துக்கொள்ளணும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மாறும், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. டயாலிசிஸுக்காகவோ மாற்று அறுவைக்காகவோ ரயிலில் போனால், நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை அதற்கான படிவத்தில் சான்று தரணும்.

3. ஆட்டோ, கூலி, டிபன்: இங்கேதான் மிச்சம் பிடிக்கலாம்

திட்டம் கிடைத்த பிறகு நாங்கள் செய்தது மூன்றே மாற்றம்.

• வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள, திட்டத்தில் சேர்ந்த வேறு சென்டருக்கு மாறினோம். ஆட்டோ ₹400-லிருந்து ₹150 ஆனது. மாதம் ₹3,250 மிச்சம்.
• காலை முதல் ஷிப்ட் கேட்டு வாங்கினோம். பத்தரைக்குள் முடிந்துவிடும், சித்தி அரை நாள் வேலைக்குப் போகலாம். மாதம் ₹3,250 திரும்பக் கிடைத்தது.
• டிபன் வீட்டிலிருந்து. மாதம் ₹1,950 மிச்சம். ஹோட்டல் உப்பும் போச்சு.

மொத்தம் மாதம் ₹8,450. வருஷத்துக்கு ₹1,01,400. மாதச் செலவு ₹21,150-லிருந்து ₹12,700-க்கு வந்தது. சில சென்டர்களில் ரத்த ஊசியும் திட்டத்திலேயே கிடைக்கும், கேட்டுப் பாருங்க. கேட்காமல் விட்டால் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

4. "ஒரு தடவை போகலைன்னா என்ன?"

இது ரொம்ப முக்கியம். ஒரு பொங்கல் சமயம். வீட்டில் விருந்தாளிகள், கையில் பணமும் இறுக்கம். சித்தப்பாவே சொன்னார், "இந்தத் தடவை விட்டுடலாம்ப்பா, ஒரு மூவாயிரம் மிச்சம்." கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். கட்டணம், ஆட்டோ, டிபன், கூலி எல்லாம் சேர்த்து ₹2,850.

பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். நுரையீரலில் தண்ணீர், பொட்டாசியமும் ஏறியிருந்தது. மூன்று நாள் ஐசியூ. பில் ₹68,000. ₹2,850 மிச்சம் பிடிக்கப் போய், கிட்டத்தட்ட 24 டயாலிசிஸின் பணம் போச்சு. உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

சிறுநீர் போகாத உடம்பில் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடலாம், முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாமல்கூட. ஊருக்குப் போகணும், கல்யாணம் இருக்கு என்றால் தேதியை மாற்றித் தரச் சொல்லி சென்டரில் ஒரு வாரம் முன்பே கேளுங்க. தேதியை மாற்றலாம், ஆனால் விடக்கூடாது.

5. உடம்பைப் பார்த்துக்கொள்வதும் பட்ஜெட்தான்

"இது ஃபைனான்ஸ் பக்கம்தானே, சாப்பாட்டைப் பற்றி எதுக்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கு. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நாலு கிலோ தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனால், நாலு மணி நேரத்தில் நாலு லிட்டரை மெஷின் உறிஞ்சணும். பிபி இறங்கும், காலில் தசை இழுக்கும், மறுநாள் முழுக்கப் படுக்கைதான். மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அதுவே இரண்டு கிலோவுக்குள் இருந்தால் மறுநாள் எழுந்து நடமாடலாம். அதனால் தண்ணீர்க் கட்டுப்பாடு என்பது நேரடியாகச் சம்பளக் கணக்கு.

தண்ணீர்: எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் மில்லி கணக்கில் கேளுங்க. சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதை வைத்து ஆளுக்கு ஆள் மாறும். எங்க வீட்டில் செய்த வழி: காலையில் அந்த அளவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைப்போம். காபி குடித்தால், ரசம் ஊற்றிச் சாப்பிட்டால், அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடணும். பாட்டில் காலி என்றால் அன்றைய கணக்கு முடிந்தது. இட்லி மாவில் இருக்கிற தண்ணீரை எல்லாம் யாரும் எண்ண வேண்டாம், ஊற்றுவதை எண்ணினால் போதும்.

உப்பு: தாகத்தைக் கிளப்புவது உப்புதான். உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது கொடுமை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் நாலும் வீட்டுக்குள் வரக்கூடாது. இந்துப்பும் உப்புதான், அதில் சலுகை கிடையாது. "லோ சோடியம்" உப்பு இன்னும் ஆபத்து. சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள்.

பொட்டாசியம்: இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸ், உலர்ந்த பழங்கள் எல்லாவற்றிலும் அதிகம். பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீர்தான் வாங்கி வருவார்கள். வாசலிலேயே நன்றி சொல்லி நீங்களே குடித்துவிடுங்க. காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். ஸ்டார் ஃப்ரூட் எனும் விளிம்பிப்பழம் சிறுநீரக நோயாளிக்கு விஷம் மாதிரி, தொடவே கூடாது.

புரதம்: பல வீடுகளில் நடக்கும் தப்பு இது. டயாலிசிஸுக்கு முன்னால் டாக்டர் "புரதம் குறைங்க" என்று சொல்லியிருப்பார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு கணக்கு மாறிவிடும். சுத்திகரிப்பில் புரதச் சத்தும் வெளியேறுவதால் முன்பைவிடக் கூடுதலாகச் சாப்பிடணும். இன்னமும் கஞ்சியும் ரசமும் கொடுத்து ஆளை இளைக்க வைக்காதீங்க. முட்டை வெள்ளைக்கரு விலை குறைந்த, நல்ல புரதம். அளவை டயட்டீஷியனிடம் கேளுங்க.

பாஸ்பரஸ் மாத்திரை: இது சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடிக்கிற மாத்திரை. சாப்பாட்டோடு போட்டால்தான் வேலை செய்யும். ராத்திரி தூங்கப் போகும்போது போட்டால் காசு வீண்.

ஃபிஸ்டுலா கை: இதை நான் "டெபாசிட்" என்று சொல்வேன். தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் இந்த இணைப்பு பழுக்க வாரக்கணக்கில், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அது இல்லாதபோது கழுத்தில் குழாய் போடுகிறார்கள். அந்தக் குழாயில்தான் கிருமித் தொற்று பயம் அதிகம். குழாய் உள்ளவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஃபிஸ்டுலா உள்ள கையில்:

• தினமும் காலையும் ராத்திரியும் தொட்டுப் பாருங்க. பூனை உறுமுகிற மாதிரி அதிர்வு தெரியணும். தெரியவில்லை என்றால் உடனே போன். சீக்கிரம் போனால் காப்பாற்ற வாய்ப்புண்டு.
• அந்தக் கையில் பிபி பார்க்க, ரத்தம் எடுக்க, டிரிப்ஸ் போட விடாதீங்க.
• இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டாம்.

வலி மாத்திரை: மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை மிச்சம் இருக்கும் சிறுநீரையும் நிறுத்திவிடலாம். டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். மிச்சம் இருக்கும் சிறுநீர் பெரிய சொத்து. அது இருக்கும்வரை தண்ணீர்க் கட்டுப்பாடும் கொஞ்சம் லேசாக இருக்கும்.

தடுப்பூசி: ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாச்சா என்று கேளுங்க. டயலைசரை மறுபடி பயன்படுத்தும் சென்டர் என்றால், மாட்டுவதற்கு முன் அதில் உங்க பெயர்தான் இருக்கா என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்க.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு எடை மெஷின், ஒரு பிபி மெஷின், ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் காலை எடை, பிபி, அதிர்வு உண்டா இல்லையா, மூன்றையும் நோயாளியே எழுதட்டும். சித்தப்பா பட்டறைக் கணக்கு எழுதிய கை. முதலில் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றார். இப்போ யாராவது நோட்டை நகர்த்தி வைத்தால் சத்தம் போடுகிறார். உடம்பின் கணக்கு தன் கையில் இருக்கிறது என்ற உணர்வே பாதித் தெம்பு.

6. கூட இருந்து பார்த்துக்கிறவங்க விழுந்தால்?

இப்போ இந்தப் பதிவிலேயே முக்கியமான பகுதி. இரண்டாவது வருஷம், சித்தி ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தார். பிபி எகிறியிருந்தது. விசாரித்தால், நாலு மாதமாகத் தன் பிபி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். மாதம் ₹180 மாத்திரை! "ஏன் சித்தி சொல்லல?" என்று கேட்டதற்கு, "உங்க சித்தப்பாவுக்கே வாங்க முடியாம முழிக்கிறோம், எனக்கு என்னப்பா கேடு" என்றார்.

சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணம் சர்க்கரை, அடுத்தது பிபி. அதாவது அந்த ₹180-ஐ மிச்சம் பிடித்து, வீட்டில் இரண்டாவது டயாலிசிஸ் நோயாளியை உருவாக்கிக்கொண்டிருந்தோம். யாருமே கவனிக்கவில்லை. ஏனென்றால் எல்லாரும் "சித்தப்பா எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்டோம். "நீங்க எப்படி இருக்கீங்க சித்தி?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும் சேர்த்துத்தான்.

பணக் கணக்காகப் பார்த்தாலே, அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் சித்திதான். அதனால் இதை விதியாகவே வையுங்க:

• பட்ஜெட்டில் முதல் வரி, பார்த்துக்கிறவரின் மருந்து. நோயாளியின் மருந்து இரண்டாவது வரி.
• மாதம் 13 முறையும் ஒரே ஆள் போகக்கூடாது. மகன், மச்சான், அக்கா பையன் என்று யாராவது மூன்று முறை எடுத்துக்கோங்க. "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லும் சொந்தக்காரர்களிடம் பணம் கேட்பதைவிட, "மாசம் ரெண்டு வியாழக்கிழமை நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று கேளுங்க. பணம் தராதவர்களும் நேரம் தருவார்கள்.
• வருஷம் ஒருமுறை பார்த்துக்கிறவருக்கும் பிள்ளைகளுக்கும் சர்க்கரை, பிபி, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பரிசோதனை.
• மருத்துவக் காப்பீடு: டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு நோயாளிக்குப் புது பாலிசி கிடைப்பது ரொம்பக் கஷ்டம். மற்றவர்களுக்கு இன்றே எடுங்க. இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்க. 2024 விதிப்படி ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம்தான்.
• சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ்.

நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களால் முடிந்ததை நீங்களே செய்யுங்க. எடை பார்ப்பது, மாத்திரை எடுத்து வைப்பது, ஆட்டோவுக்குப் போன் பண்ணுவது எல்லாம் நீங்களே. அது உங்க மனைவிக்கு நீங்க தரும் ஓய்வு. கோபமும் அழுகையும் வந்தால், தூக்கம் போய் எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், இரண்டு பேரில் யாராக இருந்தாலும் டாக்டரிடம் அதையும் சொல்லுங்க. அதற்கும் வைத்தியம் இருக்கு.

7. பெரிய முடிவுகள்

ஹீமோடயாலிசிஸ் ஒன்றுதான் வழி என்று இல்லை. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே பை மாற்றிக்கொள்ளும் முறை இருக்கிறது. வாரம் மூன்று பயணமும் கூலி இழப்பும் இதில் இல்லை, ஆனால் தினமும் சுத்தமாகச் செய்ய ஒழுக்கம் வேண்டும். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் உண்டு. உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்க.

மாற்றுச் சிறுநீரகம்: பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் சட்டப்படி நெருங்கிய உறவினர்கள், தானம் தரலாம். யாரும் இல்லை என்றால் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் உங்க மருத்துவமனை மூலமாகப் பதிவு செய்யுங்க. தமிழ்நாட்டில் இதை டிரான்ஸ்டான் கவனிக்கிறது. பிறகும் ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு, அதையும் மாத பட்ஜெட்டில் போட்டுப் பாருங்க. "பணம் கொடுத்தா கிட்னி ஏற்பாடு பண்றேன்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்க. 1994 சட்டப்படி அது குற்றம். பணமும் போகும், மானமும் போகும்.

கடன்: வாடகை கட்டக் கடன் வாங்கினால் அது நிற்காது. மாதச் செலவை வருமானத்துக்குள் கொண்டுவருவதுதான் முதல் வேலை. அவசரம் என்றால் முதலில் பிஎஃப்பில் மருத்துவத்துக்காக எடுக்க முடியுமா பாருங்க. அடுத்தது வங்கியில் நகைக் கடன். கிரெடிட் கார்டும், ஆப் கடனும், கந்துவட்டியும் வேண்டவே வேண்டாம். வீட்டை விற்பது கடைசி. விற்றாலும் மொத்தத்தையும் கையில் வைக்காமல், வங்கி டெபாசிட்டில் போட்டு மாதாமாதம் வருகிற மாதிரி செய்யுங்க.

8. முதல் 30 நாளில் செய்ய வேண்டியவை

• முதல் வாரம்: வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம், காப்பீட்டுத் திட்டம், பீரோவில் உள்ள எல்லாப் பாலிசி பத்திரமும். எடை மெஷின், நோட்டு.
• இரண்டாவது வாரம்: மாதச் செலவுப் பட்டியல். பக்கத்தில் உள்ள சென்டர்கள், ஷிப்ட் நேரம் விசாரிப்பு. ஃபிஸ்டுலா எப்போது என்று டாக்டரிடம் கேள்வி.
• மூன்றாவது வாரம்: யார் எந்த நாள் கூடப் போவது என்ற அட்டவணை. பார்த்துக்கிறவருக்கு முழுப் பரிசோதனை.
• நான்காவது வாரம்: வங்கிக் கணக்குகளில் நாமினி, கூட்டுக் கணக்கு, முக்கியப் பத்திரங்கள் ஒரே ஃபைலில். இது அபசகுனம் இல்லை, ஆரோக்கியமாக இருக்கும் வீட்டிலும் செய்ய வேண்டியதுதான்.

சித்தப்பா இன்றும் வாரம் மூன்று நாள் போய் வருகிறார். மீதி நாள்களில் பக்கத்து லேத் பட்டறையில் பில் எழுதுகிறார், பெரிய சம்பளம் இல்லை. சித்தி தன் மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். ஏனென்றால் இப்போது அவர் போட்டாரா என்று பார்ப்பது சித்தப்பாவின் வேலை, நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்.

இதில் சொன்ன உணவு, மருந்து விஷயங்கள் பொதுவானவை. உங்க அளவுகளை உங்க டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும். திட்ட விதிகளும் மாறலாம், விண்ணப்பிக்கும் முன் சரிபாருங்க.

உங்களுக்குத் தெரிந்த ஒரு டயாலிசிஸ் குடும்பம் இருந்தால் இதை அனுப்பிவையுங்க. அனுப்பும்போது, கூட இருந்து பார்த்துக்கிறவங்களுக்கு ஒரு போன் பண்ணி, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்க.